பத்து தடவை கவிழ்த்தேன்

1. வாத்தியார் ரத்தம்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ரத்தம் எடுக்கும் வேலைக்குப் படித்து வரவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன லேபில் கண்ணாடி டியூப் கழுவவும் தரை துடைக்கவும் சேர்ந்தேன். பதினோரு வருஷம் அதைத்தான் செய்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு வாரம் இரண்டு நாள் போய் ரத்தம் எடுத்து வந்த பையன் வேலையை விட்டு நின்றதும், லேப் நடத்திய நாறும்பூ சார் என்னைக் கூப்பிட்டு, "ஆவுடை, உனக்குத்தான் கை பதறாது, நீ கத்துக்கோ" என்றார். கை பதறாது என்பது உண்மை. மனசு பதறும் என்பது அவருக்குத் தெரியாது.

முதல் குத்து அவர் கையிலேயே குத்தினேன். அவர் கண்ணை மூடவில்லை, நான்தான் மூடப் பார்த்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஊதா மூடி டியூபைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அதில்தான் ரத்தம் விடுவோம். உள்ளே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை உடனே அதில் விட்டு, மூடி, பைய எட்டு அல்லது பத்து தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வேகமாகக் குலுக்கினால் அணுக்கள் உடையும். கவிழ்க்காமல் விட்டால் மருந்து கலக்காமல் ரத்தம் திரியும். திரிந்த ரத்தத்தில் பிளேட்லெட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதை எண்ணாது. இருக்கிறதை இல்லை என்று காட்டும். பிளேட்லெட் என்பது ரத்தம் கசிந்தால் ஓட்டையை அடைக்கிற அணு.

ரத்தம் எடுக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு வாத்தியாருக்கு எடுத்தேன். ஊதா மூடி டியூபில் விட்டேன். பிளாஸ்டர் சுருள் மேசைக்கு அடியில் உருண்டு போய்விட்டது. குனிந்து தேடி எடுத்து, அவர் கையில் ஒட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். டியூப் அப்படியே தாங்கியில் நின்றது. அன்றைக்கு சார் ஊரில் இல்லை. உதவிக்கு இருந்தவர் மெஷினில் வந்ததை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் நாற்பதாயிரம் சொச்சம். டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த மாதம். அவர் வீட்டில் அழுது, கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மறுபடி எடுத்துப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல்.

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "ஆவுடை, ஒரு மனுசன் சாவுக்குப் பயந்து மதுரை வரைக்கும் போயிட்டு வந்திருக்கான், உன் கையில ஒரு பத்து எண்ணாததால" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து பத்து எண்ணாமல் நான் ஒரு டியூபை வைத்ததில்லை. உதட்டால் எண்ணுவேன். நோயாளிகள் நான் ஏதோ மந்திரம் சொல்லுவதாக நினைப்பார்கள். எண்ணி வைத்த பிறகும் நிம்மதி வராது. பேர் எழுதினோமா, மாற்றி ஒட்டிவிட்டோமா, ஐஸ் பெட்டி மூடியிருக்கா என்று பஸ்ஸில் மனசு அரித்துக்கொண்டே வரும். ஒரு தடவை செய்துங்கநல்லூரில் இறங்கி, பஸ் ஸ்டாப்பிலேயே பெட்டியைத் திறந்து இருபத்திரண்டு டியூபையும் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன்.

இன்னொரு பழக்கமும் வந்தது. லேபில் எந்த ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தாலும், சார் கேட்பதற்கு முன்னால், "என் கைத் தப்பா இருக்கும் சார்" என்று சொல்லிவிடுவேன். அவரும் என்னை நல்ல வேலைக்காரி என்றார். தப்பை ஒத்துக்கொள்கிறவள் என்று மற்றவர்களிடம் சொல்லிக் காட்டினார். எனக்கும் அது பெருமையாக இருந்தது.

2. பேச்சி

ஸ்ரீவைகுண்டத்தில் எங்களுக்கு லேப் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு அங்கே இருப்பேன். பக்கத்தில் ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு ஆட்கள் வருவார்கள். வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள்தான் அதிகம். ஏழு மணிக்குள் கையை நீட்டிவிட்டு வேலைக்கு ஓட வேண்டும்.

பேச்சியம்மாள் அப்படி வந்தவள். முப்பத்தைந்து வயசு இருக்கும். தோட்டத்தில் வாழைத்தார் சுமப்பாள், பூச்சி விழாமல் இருக்க வாழைக்குக் குருணை மருந்து வைப்பாள். கணவன் முத்துக்குட்டி அதே தோட்டத்தில் இலை அறுப்பவன். நான்கு வருஷமாக அவளுக்கு ரத்தம் கம்மி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹீமோகுளோபின் மட்டும் பார்க்கச் சொல்லி சீட்டு வரும். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருக்கும், ஏழரை இருக்கும், மாத்திரை தின்றால் எட்டைத் தொடும், மறுபடி இறங்கும். சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், பேரீச்சம்பழம் என்று ஆளுக்கொன்று சொன்னதையெல்லாம் தின்றிருந்தாள். மாதவிலக்கு அதிகம் போகிறது, அதனால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அதிகம் போவதே ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வாய் மட்டும் வற்றாது அவளுக்கு. நான் சிரிஞ்சை இழுக்கும்போது, "யக்கா, எனக்கு ஊறுததுக்கு முன்னாடி நீங்க உறிஞ்சிருதீய, பொறவு எங்கன ரத்தம் ஏறும்" என்பாள். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். வெளுத்த முகத்தோடு அவளும் சிரிப்பாள். ஈறும் வெளுத்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மா முதல் தடவையாக முழு ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார். மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று பேச்சி சொன்னாளாம். ஊதா மூடி டியூபை எடுத்து வைத்தேன். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு அகப்படவில்லை. தட்டினேன், தடவினேன், இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு வழியாகக் கிடைத்து எடுத்தேன். பட்டையை அவிழ்த்தேன்.

பட்டை இருந்த இடத்துக்குக் கீழே, முழங்கை மடிப்பு வரைக்கும், ஊசி முனையால் தொட்டு வைத்த மாதிரி சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. கட்டும் முன் அது இல்லை. சத்தியமாக இல்லை. எனக்கு உடனே தோன்றியது, இறுக்கிக் கட்டிவிட்டேன் என்றுதான்.

பஞ்சை வைத்து அழுத்தினேன். ஐந்து நிமிஷம் ஆகியும் கசிவு நிற்கவில்லை. நரம்பின் மறுபக்கம் வரை குத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் நாற்காலியில் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகி உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலிலும் கணுக்காலுக்கு மேலே கருஞ்சிவப்பும் தவிட்டு நிறமுமாகப் புள்ளிகள். இது என்ன என்று கேட்டேன். "கறைக்கா. வாழைக்கறை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் போவ மாட்டேங்கு" என்றாள். வாழைத்தோட்டத்து ஆட்களுக்கு உடம்பெல்லாம் கறை இருக்கும். சீலையில் இருக்கும், நகத்தில் இருக்கும். என் மேசை விளிம்பிலேயே அவர்கள் கை வைத்து வைத்து ஒரு கறுப்பு ஏறியிருந்தது. இருந்தாலும் ஸ்பிரிட் பஞ்சால் அவள் காலைத் துடைத்துப் பார்த்தேன். சிலது கொஞ்சம் மங்கியது, சிலது அசையவில்லை. அசையாதது பழைய கறை என்று விட்டுவிட்டேன்.

டியூபை அதற்கு முன்பே கவிழ்த்திருந்தேன். பத்து தடவை. உதட்டால் எண்ணி, பத்து தடவை.

3. ஒரு கேள்வி, ஒரு பதில்

மத்தியானம் லேபில் சார் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் சமயம், டியூப்கள் வரிசையாகக் காத்திருந்தன. என்னைக் கூப்பிட்டார். பேச்சியின் எண்ணிக்கை திரையில் இருந்தது. ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு. வெள்ளை அணுவும் கம்மி. பிளேட்லெட் பத்தொன்பதாயிரம்.

"ஆவுடை, இந்த டியூப எப்படி எடுத்த?"

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் பத்து தடவை கவிழ்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் நெஞ்சில் அந்த நேரம் வாத்தியார்தான் வந்து நின்றார். மதுரைக்குப் போகும் கார் தெரிந்தது. பேச்சிக்கு வண்டி பிடிக்க நாதியில்லை, யாரிடமாவது கை நீட்டித்தான் போவாள், போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, எல்லாம் என் கையால். அப்போது பத்து தடவை கவிழ்த்தோமா என்ற சந்தேகமும் வந்தது. ஒன்பதோ? தாமதமாகவோ? நரம்பு தேடியதில் சிரிஞ்சிலேயே திரிந்திருக்குமோ?

"நரம்பு கிடைக்கல சார். ரொம்ப நேரம் கட்டி வச்சிருந்தேன். குத்தும் சரியா விழல. ரத்தம் திரிஞ்சிருக்கும் சார், என் கைத் தப்பு" என்றேன்.

சார் ஒரு குச்சியை விட்டுக் கிண்டினார். கட்டி எதுவும் வரவில்லை. ஒரு சொட்டை எடுத்து ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தால் பிளேட்லெட் ஒட்டிக் கிடக்கிறதா, உண்மையிலேயே இல்லையா என்று தெரிந்திருக்கும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். பின்னால் முப்பது டியூப் நின்றது. "சரி, நீயே சொல்லுதேல்லா" என்றார். ஹீமோகுளோபினை மட்டும் அச்சடித்து, மற்ற வரிகளுக்கு எதிரே மறு ரத்தம் வேண்டும் என்று எழுதினார்.

டாக்டரம்மா அதைப் பார்த்து, சத்து ஊசி போட்டு, மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த வெள்ளி பேச்சி வந்தாள். நான் குத்திய கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. அதைக் கண்டதும், "என் கைத் தப்பு பேச்சி" என்றேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "இன்னைக்கு வேண்டாம்க்கா. தார் வெட்டு நடக்கு. கைய தூக்க முடியலன்னா வேற ஆளப் போட்டுருவாவ. வெட்டு முடியட்டும், நானே வாறேன்."

சரி என்றேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கையில் மறுபடி குத்த வேண்டாம் என்று நிம்மதி. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

என் சின்ன டைரியில் 'பேச்சி, மறு ரத்தம்' என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அடுத்த பக்கத்தில் மறுபடி எழுதினேன். அதற்கடுத்த பக்கத்திலும். நான்கைந்து வாரம் அப்படி எழுதினேன். பிறகு எழுதவில்லை. நான் கவலைப்படாத நாள் கிடையாது. ஒரு நாளைக்கு நூறு கவலை வரும், எல்லாம் ஒரே சத்தத்தில் வரும். ஐஸ் பெட்டி மூடியையும் பேச்சி கையையும் ஒரே மாதிரி நினைத்துக் கவலைப்பட்டால், எதற்கு எழுந்து ஓட வேண்டும் என்று தெரியாமல் போய்விடும்.

4. ஐந்து மாதம் கழித்து

மழை முடிந்து ஆற்றில் தண்ணீர் வற்றத் தொடங்கிய சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பின்னறையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முத்துக்குட்டி பேச்சியைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்தான். கிளினிக் இன்னும் திறக்கவில்லை, அதனால் என்னிடம் வந்துவிட்டான்.

"யக்கா, கொஞ்சம் பாருங்க. விடியக்காலம் நாலு மணியிலேர்ந்து மூக்குல ரத்தம். நிக்க மாட்டேங்கு."

மூக்கில் வைத்திருந்த துண்டு நனைந்து கனத்திருந்தது. அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்கின் மெத்தான பாகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பேசச் சக்தி இல்லை அவளுக்கு. அப்போதுதான் கையைப் பார்த்தேன். நான் இன்னும் பட்டையைத் தொடவே இல்லை. இரண்டு கையிலும் புள்ளி. கழுத்துக்குக் கீழே, ரவிக்கை மூடுகிற இடத்தில், வாழைக்கறை எட்டவே முடியாத இடத்தில் புள்ளி. வாயைத் திறக்கச் சொன்னேன். கீழுதட்டின் உட்பக்கம் கறுத்த திராட்சை மாதிரி இரண்டு கொப்புளம்.

காய்ச்சல் சமயத்தில் சார் ஒரு முறை சொல்லியிருந்தார், கொசுக்கடியை அழுத்தினால் சிவப்பு மறையும், தோலுக்குள் கசிந்த ரத்தம் மறையாது என்று. பையில் ஒரு கண்ணாடி ஸ்லைடு இருந்தது. அவள் காலில் வைத்து அழுத்தினேன். கண்ணாடிக்கு அடியில் புள்ளி அப்படியே இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்பும் என் பையில் இந்த ஸ்லைடு இருந்தது.

நூற்றியெட்டுக்குப் போன் செய்தேன். வண்டி வருவதற்குள் பட்டையைக் கட்டாமல், புறங்கையில் தெரிந்த நரம்பில் சிறிய ஊசியால் எடுத்தேன். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நானும் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில், ஜங்ஷன் வரை போகும் ஒரு தெரிந்த ஆட்டோக்காரரிடம் டியூபைக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவர்களே எடுத்துப் பார்ப்பார்கள் என்று தெரியும். எனக்குத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் சார் கூப்பிட்டார். பிளேட்லெட் ஆறாயிரம் என்றார். பிறகு வழக்கமான கேள்வி. "ஆவுடை, டியூப கவிழ்த்தியா?"

"பத்து தடவை கவிழ்த்தேன் சார்" என்றேன். "போன தடவையும் பத்து தடவை கவிழ்த்தேன்."

"நான் ஸ்லைடு போட்டுப் பாத்திருக்கணும்" என்று சொல்லி சார் போனை வைத்துவிட்டார்.

5. வார்டில்

அவளைச் சேர்த்து ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வார்டில் இருந்த இளம் டாக்டரிடம், நான் லேபில் ரத்தம் எடுக்கிறவள் என்று சொல்லி, என்ன வியாதி என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்கு விளங்கிய வரையில் எழுதுகிறேன். படித்தவர்கள் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் இரும்புச்சத்துக் குறைவென்றால் ஆள் வெளுக்கும், மூச்சு வாங்கும், ஆனால் தோலில் இந்த மாதிரிப் புள்ளி வராது. நாள்பட்ட ரத்தசோகையோடு புள்ளியும் இருந்தால் வேறு எதையோ தேட வேண்டும். பி-டுவெல்வ் என்கிற சத்து அடியோடு குறைந்தால் மூன்று வகை அணுவும் இறங்கும், அது ஊசியில் சரியாகும். ஈரல் கெட்டு மண்ணீரல் பெருத்துவிட்டால், அது அணுக்களைப் பிடித்து அழிக்கும். சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் பிளேட்லெட்டை எதிரியாக நினைத்து அழிக்கும். அது குறைந்தால் மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போகும், அதனால் ரத்தசோகை வரும், நாம் ரத்தசோகைக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்போம். ரத்தப் புற்றுநோயும் இப்படி வரலாம். எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகிற மஜ்ஜையே வற்றிப்போகலாம். இவற்றில் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அவளுக்கு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்திருந்தார்கள்.

"காலியா இருக்கும்மா" என்றார் டாக்டர். "அணு இருக்க வேண்டிய இடத்துல கொழுப்புதான் இருக்கு."

எதனால் என்று கேட்டேன். பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது என்றார். தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள், கையுறை போட்டார்களா, கடையில் என்னென்ன மாத்திரை வாங்கித் தின்றாள் என்று முத்துக்குட்டியிடம் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். குருணை மருந்தை வெறுங்கையால்தான் வைப்போம் என்று அவன் சொன்னான். அதுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது என்றார்.

கடைசியில் நான் கேட்க வந்ததைக் கேட்டேன். ஐந்து மாதம் முன்னால் தெரிந்திருந்தால்?

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். "மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். ரத்தக் கசிவு வராம ஏத்தி ஏத்திக் காப்பாத்திட்டு வந்திருக்கலாம். குணமாகியிருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். குணமாகியிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல மாட்டேன்."

பேச்சி விழித்திருந்தாள். ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பையைக் கண்ணால் காட்டி, "பாத்தியளா, நீங்க எடுத்ததெல்லாம் திரும்பி வருது" என்றாள். நான் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது, நான்தான் ரத்தம் திரிந்துவிட்டது என்று சொன்னேன் என்பதைச் சொன்னேன். செய்யாத தப்பையெல்லாம் வருஷக்கணக்கில் ஒப்புக்கொண்டவள் நான். செய்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன்.

"வெட்டு முடியட்டும்னு சொன்னது நாந்தானக்கா" என்றாள். பிறகு போர்வைக்குள் காலை அசைத்தாள். "அப்ப இது கறை இல்லையா?"

இல்லை என்றேன்.

"என் கூட தார் சுமக்குதவளுவ கால்லயும் இருக்கும். எல்லாரும் கறைன்னுதான் சொல்லுவாளுவ. அவளுவள ஒரு தடவை பாத்துருங்க."

அடுத்து வந்த புதன்கிழமை தலைவலி என்றிருக்கிறாள். அடுத்து வாந்தி. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

6. பதினான்கு பேர்

காரியம் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மேசை வேலை முடிந்ததும், ஐஸ் பெட்டியை மருந்துக் கடையில் வைத்துவிட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பெண்கள் தார் சுமந்து வந்து லாரி ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, காலைக் காட்டச் சொன்னேன். ஒருத்தி, "என்னக்கா, கைரேகை போயி இப்ப கால்ரேகை பாக்கீயளா?" என்றாள். நான் பேச்சி சொல்லித்தான் வந்தேன் என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியாக வந்து வாய்க்கால் திட்டில் உட்கார்ந்தாள். எலுமிச்சங்காயும் மண்ணெண்ணெயும் கொண்டு போயிருந்தேன். தேய்த்துத் துடைத்துவிட்டு ஸ்லைடை அழுத்தினேன். பதினான்கு பேர். கறை கறையாகவே இருந்தது, கொசுக்கடி கண்ணாடிக்கு அடியில் மறைந்தது. ஒருத்திக்கும் ஒன்றும் இல்லை. இல்லாமல் இருந்தது நல்லதுதான். ஆனால் திரும்பி நடந்து வரும்போது, ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க என் பையில் இருந்த ஸ்லைடே போதுமாக இருந்திருக்கும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

முத்துக்குட்டி அன்று லாரியில் இலைக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. வார்டில் நான் ஒப்புக்கொண்டதைப் பேச்சி அவனிடம் சொன்னாளா, சொல்லாமல் போனாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அதன் பிறகு எங்கள் லேபில் இரண்டு மாற்றம் வந்தது. பிளேட்லெட் கம்மியாக வந்தால், யார் என்ன சொன்னாலும், சார் ஸ்லைடு போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. ரத்தம் எடுக்கும் சீட்டில் அடியில் ஒரு கோடு போட்டு, எடுக்கும்போது கண்ணில் பட்டதை எழுத இடம் வைத்தார். பட்டைக்குக் கீழே புள்ளி, ஐந்து நிமிஷத்துக்கு மேல் கசிவு, ஈறில் ரத்தம், எதுவானாலும். என் கையெழுத்து கோணல். இருந்தாலும் எழுதினேன்.

போன வருஷம் கை நடுங்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டேன். இப்போது அந்த மேசையில் படித்த பிள்ளைகள் உட்காருகிறார்கள். என்னைவிட எல்லாம் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். தப்பு செய்துவிட்டு மறைக்கிறவர்களைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். செய்யாத தப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் ஆளைக் கொல்லலாம். எப்படி எடுத்தாய் என்று கேட்டால், மனசு பயப்படுவதைச் சொல்லாதீர்கள், கை செய்ததைச் சொல்லுங்கள், கண் பார்த்ததைச் சொல்லுங்கள். பத்து தடவை கவிழ்த்திருந்தால், பத்து என்று சொல்லுங்கள்.